துருக்கியின் தென்கரையில் எட்டு நாள்: வழிகாட்டியோடு போவதா, நாமே போவதா?

கேள்வி இதுதான்: அக்டோபர் முதல் வாரத்தில் எட்டு நாள் விடுப்பு. கணவன், மனைவி, கூட அப்பாவும் அம்மாவும். அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. அம்மா சுத்த சைவம். துருக்கியின் மத்தியதரைக் கடற்கரையை அந்தால்யாவிலிருந்து ஃபெத்தியே, தல்யான் வரை பார்க்க வேண்டும். எல்லோரும் ஏஜென்சி மூலம் பேருந்துச் சுற்றுலாவில் போகச் சொல்கிறார்கள். அதில் சேரலாமா, இல்லை கார் எடுத்துக்கொண்டு நாமே போகலாமா?

வழிகாட்டி கட்டாயம் வேண்டும், பெரிய பேருந்து வேண்டாம். நான்கு பேர் இருக்கிறீர்கள். ஓட்டுநரோடு ஒரு வேன், உரிமம் பெற்ற ஒரு வழிகாட்டி, இது போதும். தெரிந்த இன்னொரு குடும்பமும் சேர்ந்தால் செலவு பாதியாகும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இந்தக் கரைக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை நாற்பது பேர் பேருந்தில். இரண்டாம் முறை ஆறு பேர், ஒரு வேன். ஊர்கள் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் முதல் பயணத்தில் எதைப் பார்த்தேன் என்று இன்று யோசித்தால் பேருந்தின் ஜன்னலும் ஒரு நகைக்கடையின் கண்ணாடி அலமாரியும்தான் நினைவுக்கு வருகின்றன.

அந்த முதல் பயணத்தின் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. ஏன் குறைவு என்று அங்கே போன பிறகுதான் புரிந்தது. விமான டிக்கெட், ஓட்டல், பேருந்து எல்லாம் சேர்த்து அந்த விலைக்கு யாராலும் கொடுக்க முடியாது. மீதிப் பணம் கடைகளிலிருந்து வருகிறது. கம்பளக் கடை, தோல் ஆடைக் கடை, நகைக் கடை என்று ஒவ்வொன்றிலும் பயணிகளை இறக்கிவிடுவார்கள். அங்கே நாம் வாங்குவதில் ஒரு பங்கு சுற்றுலா நடத்துபவருக்குப் போகும். தோல் கடையில் முதலில் தேநீர் கொடுத்து, இசை போட்டு, மாடல்களை நடக்கவிட்டு ஓர் ஆடைக் காட்சியே நடத்துவார்கள். நகைக் கடையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விற்பனையாளர் கூடவே வருவார். எங்கள் குழுவில் ஒரு வயதான தம்பதி வாங்க மனமில்லாமல் வாங்கி, இரவு முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கடைகளுக்குப் போன நேரத்தைக் கூட்டினால் ஒன்றரை நாள். பெர்கே என்ற பழங்கால மாநகரத்துக்குக் கொடுத்தது நாற்பது நிமிடம், அதில் பத்து நிமிடம் கழிப்பறை வரிசை.

எனவே ஏஜென்சி அனுப்பும் பயணத் திட்டத்தில் எத்தனை ஊர் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 'கம்பள நெசவு மையத்தைப் பார்வையிடல்', 'தோல் கண்காட்சி', 'நகைக் கலை மையம்' என்றெல்லாம் இருந்தால் அவை கடைகள். 'வெளியிலிருந்து பார்வை' என்று இருந்தால் நுழைவுச் சீட்டு சேரவில்லை என்று அர்த்தம். சில சுற்றுலாக்களில் நுழைவுக் கட்டணமும் மதிய உணவும் விலையிலேயே இருக்காது. இரண்டாம் நாள் பேருந்தில் வைத்துத் தனித் தொகுப்பாக விற்பார்கள். ஊர் தெரியாத இடத்தில், நாற்பது பேர் முன்னால், மாட்டேன் என்று சொல்வது எளிதல்ல. வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணத்தை இப்போது பெரும்பாலான இடங்களில் யூரோவில் நிர்ணயிக்கிறார்கள். நான்கு பேருக்குக் கூட்டினால் கணிசமான தொகை வரும். பல இடங்களுக்கும் சேர்த்துச் செல்லும் அனுமதி அட்டைகளும் உண்டு. உங்கள் திட்டத்துக்கு எது லாபம் என்று வழிகாட்டியிடம் முன்பே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கம்பளம் வாங்கும் ஆசை இருந்தால் தப்பே இல்லை. அந்தால்யாவுக்கு வடக்கே தோஷெமெஆல்தே என்ற பகுதி இருக்கிறது. அங்கே யோருக் என்ற இடையர் குடிகளின் நெசவு மரபு இன்னும் பேசப்படுகிறது. நீங்களாகப் போய், நாலு கடை ஏறி இறங்கி, விலை கேட்டு வாங்குங்கள்.

காரை நாமே ஓட்டலாமா என்றால், ஓட்டலாம், சாலை நன்றாகவே இருக்கும். டி-400 என்ற நெடுஞ்சாலை பெரும்பாலும் கரையை ஒட்டியே போகிறது. ஆனால் அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கரையோர ஊரான ஃபினிகே தாண்டி டெம்ரே வரையும், காஷிலிருந்து கல்கான் வரையும் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கடல், இடையில் வளைவுக்கு மேல் வளைவு. ஓட்டுகிறவர் கடலைப் பார்க்கவே முடியாது. அதை விட முக்கியம், காரில் போனால் வழிகாட்டி இருக்க மாட்டார். இந்தக் கரையில் வழிகாட்டி இல்லாமல் போனால் கடலும் வெயிலும் நல்ல சாப்பாடும் கிடைக்கும், கற்கள் மட்டும் வாய் திறக்காது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். டெம்ரே ஊருக்கு அருகில் மீறா என்ற பழைய நகரம். அதன் மலை முகத்தில் அடுக்கடுக்காகக் குடைந்த கல்லறைகள் இருக்கின்றன. முதல் முறை போனபோது 'குகை மாதிரி இருக்கிறது' என்று படம் எடுத்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை எங்கள் வழிகாட்டி, தொல்லியல் படித்த பெண், எங்களைக் கீழே நிறுத்தி, "அந்தக் கூரை விளிம்பைப் பாருங்கள், வட்டமாக வரிசையாக என்ன தெரிகிறது?" என்று கேட்டார். உற்றுப் பார்த்தால், மர உத்தரங்களின் முனைகள்! கல்லில் செதுக்கியவை. கதவுச் சட்டம், குறுக்குச் சட்டம், மரம் மரத்தில் கோக்கும் மூட்டு, எல்லாம் கல்லில். பழங்காலத்தில் இந்தக் கரையில் வாழ்ந்த லீசியர்கள் தங்கள் மரவீட்டை அப்படியே பாறையில் வடித்துத் தங்கள் இறந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மர வீடுகள் எல்லாம் போய்விட்டன. அவை எப்படி இருந்தன என்பதை இந்தக் கல்லறைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். இங்குள்ள கல்லறை எழுத்துகளையும் அவர் படித்துச் சொன்னார். இன்னார் தனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் செய்துகொண்டது, வேறு யாரையாவது இதில் வைத்தால் இவ்வளவு பணம் தண்டம் கட்ட வேண்டும் என்று. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஒரு குடும்பத் தலைவர் தன் இடத்தை யாரும் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று கவலைப்பட்டது அந்த ஒரு வரியில் தெரிந்தது. இதற்குத்தான் வழிகாட்டி.

நல்ல வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? துருக்கியில் வழிகாட்டித் தொழிலுக்குச் சட்டமே இருக்கிறது. உரிமம் இல்லாதவர் வழிகாட்டியாக வேலை செய்யக் கூடாது. உரிமம் உள்ளவர் படத்தோடு கூடிய அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார். உங்களோடு எட்டு நாளும் வருபவர் அப்படி அட்டை உள்ளவரா, அல்லது ஏஜென்சியின் ஒருங்கிணைப்பாளர் மட்டும்தானா என்று கேளுங்கள். பிறகு அவரோடு ஒருமுறை போனில் பேச வேண்டும் என்று கேளுங்கள். பத்தாரா இந்தக் கரையிலுள்ள ஒரு பழைய நகரம். "பத்தாராவில் எங்களுக்கு என்ன காட்டுவீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். உற்சாகமாகப் பத்து நிமிடம் பேசினால் அவரை விடாதீர்கள்.

இனி இடங்களுக்கு வருகிறேன். உங்கள் எட்டு நாளை நான் இப்படிப் பிரிப்பேன்: அந்தால்யாவில் இரண்டு இரவு, காஷில் மூன்று, ஃபெத்தியேவில் இரண்டு. போகும்போது அந்தால்யா விமான நிலையம், திரும்பும்போது ஃபெத்தியேவுக்குப் பக்கத்தில் உள்ள தலமான். போன வழியிலேயே திரும்பி வந்து ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

அந்தால்யாவில் தங்குவது பழைய நகரமான காலெயிச்சியில் இருக்கட்டும். கடற்கரை ஓரத்துப் பெரிய ஓட்டல்களில் எல்லாமே விலைக்குள் அடக்கம், நீச்சல் குளம் உண்டு, சாப்பாடு மலை போலக் குவிந்திருக்கும். ஆனால் அவை ஊரை விட்டு விலகி இருக்கும், வெளியே வரவே மனம் வராது. காலெயிச்சியில் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் கல் பாவிய சந்து, ஆரஞ்சு மரம், பூனைகள். பெர்கமோன் அரசன் இரண்டாம் அத்தாலோஸ் நிறுவிய ஊர் இது. அவன் பெயரால் அத்தாலியா, அதுவே இன்று அந்தால்யா. ரோமப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 130-இல் வந்தபோது அவனைச் சிறப்பிக்கக் கட்டிய மூன்று வளைவு வாயில் இன்றும் நிற்கிறது. அதன் அடியில் நடந்துதான் பழைய நகரத்துக்குள் போவீர்கள். கொஞ்ச தூரத்தில் இடைக்காலத்தில் இங்கே ஆண்ட செல்ஜுக் துருக்கியர் காலத்து யிவ்லி மினாரே, வரிவரியான செங்கல் கோபுரம். அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், சந்துகளில் கல் மேடு பள்ளமாக இருக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். துறைமுகத்துக்குப் படி இறங்கி ஏறுவது அவருக்குக் கஷ்டம் என்றால் மேலேயுள்ள பூங்காவில் உட்கார்ந்தே வளைகுடாவையும் எதிரே நீல மலைகளையும் பார்க்கலாம். எனக்கு அந்தப் பூங்கா பெஞ்சுதான் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் பெர்கேயும் அஸ்பெண்டோஸும். இரண்டும் நகரத்துக்குக் கிழக்கே, சமதளத்தில். பெர்கேயில் குறைந்தது இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. அப்போஸ்தலன் பவுல் முதல் பயணத்தில் இறங்கிய 'பம்பிலியாவிலிருக்கும் பெர்கே' இதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் படித்தோமே, அந்த மூன்று வளைவுகளுக்கும் கிரேக்கத்தில் பெயர் வைத்த அப்பல்லோனியஸ் பிறந்ததும் இந்த ஊரில்தான். நகரத்தின் நடுவே நீண்ட தூண் வரிசைத் தெரு, அதன் நட்டநடுவில் ஒரு வாய்க்கால். மேட்டிலிருக்கும் ஊற்று மண்டபத்திலிருந்து தண்ணீர் தெரு முழுக்க வழிந்தோடியிருக்கிறது. இந்த ஊர் வெயிலில் பத்து நிமிடம் நின்றால் அந்த வாய்க்காலை ஏன் வெட்டினார்கள் என்று தானாகப் புரியும். நகரவாசலை அலங்கரித்துக் கட்டியவர் பிளான்சியா மாக்னா என்ற பெண், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஊரின் பெரிய கொடையாளர். அவர் சிலை வைத்த மாடங்கள் வெறுமையாக நிற்கின்றன. சிலைகள் அந்தால்யா அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

அந்த அருங்காட்சியகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்கேயில் 1980-இல் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் சிலையின் கீழ்ப்பாதி கிடைத்தது. மேல்பாதி எப்படியோ கடல் தாண்டி அமெரிக்காவின் போஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்தது. பல வருஷ வழக்காடலுக்குப் பிறகு 2011-இல் அது திரும்பி வந்து கீழ்ப்பாதியோடு சேர்ந்தது. களைத்துப்போய்த் தடியில் சாய்ந்து நிற்கும் அந்த உருவத்தைப் பார்க்க நான் ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பேன். ஆனால் பழைய கட்டடத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்காக 2025-இல் அருங்காட்சியகத்தை மூடினார்கள். உங்கள் தேதியில் என்ன நிலைமை என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு திட்டம் போடுங்கள்.

அஸ்பெண்டோஸில் அப்பாவுக்குச் சிரமமே இல்லை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து சில அடியில் அரங்கம். ரோமப் பேரரசன் மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில் ஸெனோன் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. இவ்வளவு முழுமையாக நிற்கும் ரோம அரங்கம் மிக அரிது. மற்ற ஊர்களில் படிகள் மட்டும் மிஞ்சியிருக்கும். இங்கே மேடைக்குப் பின்னாலுள்ள உயரமான சுவரும் முழுசாக இருக்கிறது. காரணம், யாரோ ஒருவர் அதை எப்போதும் பயன்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். செல்ஜுக்குகள் அதைச் செப்பனிட்டுத் தங்கினார்கள். அவர்கள் தீட்டிய சிவப்புக் கோலம் போன்ற கோடுகளின் தடம் சுவரில் இன்னும் இருக்கிறது, தேடிப் பாருங்கள். 1930-இல் துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் இங்கே வந்து, இதைச் சீர்செய்து மக்களுக்கான அரங்காகப் பயன்படுத்தச் சொன்னார். 1994 முதல் ஓபரா, பாலே விழா நடக்கிறது. அப்பாவைக் கீழ்ப் படியில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மேல் வளைவு மண்டபம் வரை ஏறுங்கள். கீழே அம்மாவை ஒரு பாட்டு முணுமுணுக்கச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் மெதுவாக ஒரு தாலாட்டுப் பாடினார், கடைசிப் படியில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

பேருந்துக் குழுக்கள் இதோடு சிதே நகரத்தையும் மனவ்காட் அருவியையும் அதே நாளில் சேர்ப்பார்கள். அருவியை விட்டுவிடுங்கள், குற்றாலம் பார்த்தவருக்கு அது சிறு மதகு. சிதேயில் கடலோரம் நிற்கும் அப்பல்லோ கோயில் தூண்கள் அந்தி வெயிலில் அழகுதான், ஆனால் அந்தால்யாவிலிருந்து 75 கிலோமீட்டர். களைப்பில்லை என்றால் மட்டும் போங்கள்.

மூன்றாம் நாள் மேற்கே திரும்புகிறீர்கள், பயணத்தின் நிஜமான அழகு இங்கேதான் தொடங்குகிறது. வலப்பக்கம் தாரஸ் மலைத்தொடர் கடல் வரை இறங்கி வந்து நிற்கும், பைன் மரங்கள் தண்ணீர் விளிம்பு வரை. முதல் நிறுத்தம் பாசெலிஸ். அலெக்சாண்டர் கி.மு. 334-333 குளிர்காலத்தில் தங்கிப்போன ஊர். மூன்று இயற்கைத் துறைமுகங்கள், இடையே ஒரே தெரு. அந்தத் தெருவில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நிழலிலேயே நடக்கலாம். நீச்சல் உடை எடுத்துப் போங்கள். அக்டோபரில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்.

வழியில் சிராலி என்ற கடலோர ஊருக்கு மேலே யனார்தாஷ் மலை. பாறை இடுக்குகளிலிருந்து மீத்தேன் வாயு கசிந்து, மண்ணிலிருந்தே சிறுசிறு தீ எரிகிறது, பல நூற்றாண்டுகளாக. கிரேக்கர்கள் நெருப்புக் கக்கும் கைமேரா என்ற மிருகம் இங்கே இருந்ததாகக் கதை சொன்னார்கள். இருட்டில்தான் பார்க்க வேண்டும், ஏற்றம் செங்குத்து, படிகள் ஒழுங்கற்றவை. அப்பாவோடு இது முடியாது. நீங்கள் இருவர் மட்டும் போவதென்றால் அந்த இரவு சிராலியில் தங்கி, காஷில் ஒரு இரவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டெம்ரேயில் மீறா கல்லறைகளைச் சொல்லிவிட்டேன். அதே ஊரில் புனித நிக்கோலாஸ் தேவாலயமும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தா என்று உலகம் கொண்டாடும் உருவம் வளர்ந்தது நான்காம் நூற்றாண்டில் மீறாவில் ஆயராக இருந்த இவரிடமிருந்துதான். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பன் வீட்டில் இரவில் யாருக்கும் தெரியாமல் பொற்கிழி போட்டவர் என்பது அவரைப் பற்றிய பழைய கதை. அம்மாவுக்கு இந்தக் கதை உடனே பிடித்துவிடும். 1087-இல் இத்தாலியின் பாரி நகர மாலுமிகள் அவர் எலும்புகளை எடுத்துப் போய்விட்டார்கள். ஆறு கொண்டுவந்த வண்டலில் ஊரே புதைந்ததால் தேவாலயத்துக்குள் போக இறங்க வேண்டும். சுற்றிலும் தக்காளிப் பசுமைக்குடில்கள். மீறா நகரத்தின் பெரும்பகுதி இன்னும் அந்தக் குடில்களுக்கும் வீடுகளுக்கும் அடியில்தான் கிடக்கிறது.

காஷில் மூன்று இரவு ஏன் என்றால், ஒரு முழு நாள் கெகோவா தீவுப் பகுதிக்கு வேண்டும். பெரிய படகில் பாட்டுப் போட்டுக்கொண்டு போவதை எடுக்காதீர்கள். ஊச்சாஸ் என்ற சின்ன மீனவர் ஊரிலிருந்து உங்களுக்கு மட்டும் ஒரு சிறு படகு பேசச் சொல்லுங்கள். பழைய நகரமொன்று நிலநடுக்கங்களில் பாதி கடலுக்குள் இறங்கிவிட்டது. படகு மெல்லப் போகும்போது பாறையில் வெட்டிய படிக்கட்டு தண்ணீருக்குள் இறங்கிப் போவதைப் பார்ப்பீர்கள், அதன் அடிப்படி தெளிந்த நீலத்தில் மங்கலாகத் தெரியும். மூழ்கிய பகுதியில் நீந்தத் தடை, அதை மதியுங்கள். யாராவது 'பரவாயில்லை' என்றாலும் இறங்காதீர்கள். எதிர்க்கரையில் காலெகோய் என்ற சிற்றூர். வண்டிச் சாலை கிடையாது, படகில் அல்லது ஒற்றையடிப் பாதையில்தான் வர முடியும். கரையோரத் தண்ணீரில் ஒரு லீசியக் கல்லறைப் பெட்டி தனியாக நிற்கிறது, கவிழ்த்த படகு போன்ற மூடியோடு. மேலே கோட்டைக்குள் பாறையில் குடைந்த குட்டி அரங்கம், ஏழே வரிசை. ஏற்றம் கடினம். அப்பா கீழே படகுத்துறை மேசையில் உட்கார்ந்து மாதுளைச் சாறு குடித்துக்கொண்டு, அந்தக் கல்லறையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு மணி நேரம் அங்கே சும்மா உட்கார விடும் வழிகாட்டிதான் நல்ல வழிகாட்டி. எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். விளக்கமெல்லாம் சொல்லி முடித்து, "இனி நான் பேச மாட்டேன்" என்று தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

காஷுக்கு நேர் எதிரே தெரியும் தீவு கிரேக்க நாட்டின் மெயிஸ். அரை மணிக்குள் படகு போய்விடும். ஆசைப்பட்டு ஏறிவிடாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். துருக்கியின் இ-விசா பொதுவாக ஒரே நுழைவுக்குத்தான், திரும்பி வருவது சிக்கலாகும்.

ஆறாம் நாள் காஷிலிருந்து ஃபெத்தியே போகும் வழியில் பத்தாரா, சாந்தோஸ் என்ற பழைய நகரங்களும் லெத்தூன் என்ற பழைய கோயில் தலமும். மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம், காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். பத்தாராவில் நேரே ஆட்சி மன்றக் கட்டடத்துக்குப் போங்கள். லீசிய நகரங்கள் 23 சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. பெரிய நகரத்துக்கு மூன்று வாக்கு, நடுத்தரத்துக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று. வரிப் பங்கும் அதே விகிதத்தில். புவியியலாளர் ஸ்ட்ராபோ இதை எழுதி வைத்தார். பிரெஞ்சு அறிஞர் மொந்தெஸ்கியு இதையே சிறந்த கூட்டாட்சிக்கு மாதிரியாகக் காட்டினார். அமெரிக்க அரசியல் சட்டத்துக்காக வாதாடிய ஹாமில்டனும் எடுத்துச் சொன்னார். அந்தப் பிரதிநிதிகள் உட்கார்ந்த கல் இருக்கைகளில் நீங்களும் உட்காரலாம், சீரமைத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்து அரங்கம் வெகுகாலம் மணலில் புதைந்து கிடந்தது. அந்த மணல் வந்த கடற்கரை பத்து நிமிட தூரத்தில். கண்ணுக்கெட்டிய வரை வெறும் மணல், ஒரு கட்டடம் கிடையாது. கடலாமைகள் முட்டையிடும் கரை என்பதால் காத்து வைத்திருக்கிறார்கள்.

சாந்தோஸில் மனம் கனக்கும். லீசியாவின் பெரும் நகரம். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகப் படைத்தலைவன் ஹார்பகஸ் முற்றுகையிட்டபோது, தோற்பது உறுதி என்று தெரிந்த ஆண்கள் மனைவி மக்களையும் உடைமைகளையும் கோட்டைக்குள் வைத்துத் தீயிட்டு, வெளியே வந்து கடைசி ஆள் வரை போரிட்டு மடிந்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதுகிறார். அப்போது ஊரில் இல்லாத 80 குடும்பங்கள்தான் தப்பினவாம். கி.மு. 42-இல் ரோமன் புரூட்டஸ் வந்தபோதும் இதே கொடுமை மீண்டும் நடந்தது. உயரமான தூண் கல்லறையின் உச்சியில் சிற்பப் பலகைகள் தெரியும், அவை அச்சு வார்த்த நகல்கள். அசல் பலகைகளும், கோயில் வடிவக் கல்லறையான நெரெய்ட் நினைவுச்சின்னத்தின் சிற்பங்களும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சார்ல்ஸ் ஃபெல்லோஸ் என்ற ஆங்கிலேயர் 1840-களில் கப்பலேற்றியவை. அந்தச் சின்னத்தின் வெறும் அடித்தளத்தின் முன் நின்று எங்கள் வழிகாட்டி லண்டனில் இருக்கும் அந்தச் சின்னத்தின் படத்தைக் கையில் பிடித்துக் காட்டியபோது யாரும் பேசவில்லை. சாந்தோஸும் லெத்தூனும் 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. லெத்தூனில் 1973-இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு ஃபெத்தியே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லீசியம், கிரேக்கம், அரமேயம் மூன்றும் ஒரே கல்லில். லீசிய மொழியைப் படிக்க உதவிய கல் அது.

ஃபெத்தியே ஊர் 1957 நிலநடுக்கத்துக்குப் பிறகு புதிதாக எழும்பியது. பக்கத்தில் காயாகோய் இருக்கிறது, கிரேக்கர்கள் வாழ்ந்த மலைச்சரிவு ஊர். 1923-இல் கிரீஸும் துருக்கியும் ஒப்பந்தம் போட்டு மக்களை மதத்தின்படி மாற்றிக்கொண்டபோது இந்த ஊர் காலியானது. கூரையில்லாத நூற்றுக்கணக்கான வீடுகள். ஊர் விட்டு வந்தவர்களின் கதை எந்த வீட்டில் இருந்தாலும் அவர்களுக்கு இந்த இடம் கண்ணில் நீரை வரவழைக்கும். மாலையில், கூட்டம் போன பிறகு, அடிவாரத் தெருவில் மட்டும் நடந்தாலே போதும். ஒலுதெனிஸ் நீலக்காயல் அழகு, மறுக்கவில்லை, ஆனால் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.

கடைசி முழு நாள் தல்யான். நாணல் காட்டுக்குள் நெளியும் ஆற்றில் படகு, மேலே குன்றின் முகத்தில் கவுனோஸ் என்ற பழைய நகரத்தின் அரசர் கல்லறைகள், முடிவில் நாலரை கிலோமீட்டர் நீள இஸ்துஸு மணல் திட்டு. 1980-களில் இங்கே ஓட்டல் கட்டத் தொடங்கினார்கள். கரையில் குடிசை போட்டுத் தங்கியிருந்த ஜூன் ஹைமோஃப் என்ற ஆங்கிலேயப் பெண்ணும் சூழலியலாளர்களும் ஆமைகளுக்காகப் போராடினார்கள், வேலை நிறுத்தப்பட்டது, 1988-இல் பகுதி பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 'கேப்டன் ஜூன்' என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆமை காட்டுவதற்காகச் சில படகுக்காரர்கள் இரை போட்டு அவற்றை வரவழைப்பார்கள். எங்களுக்கு வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். தானாகத் தலை நீட்டும் ஆமையைப் பார்க்கக் காத்திருப்பதில் இருக்கும் சந்தோஷமே வேறு.

அம்மாவின் சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம், கொஞ்சம் கவனம் மட்டும் வேண்டும். ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறிகள் எங்கும் உண்டு, 'ஸெய்தின்யாலே' என்று கேட்க வேண்டும். கீரையோ வெள்ளைச் சீஸோ வைத்துத் தோசைக்கல் போன்ற இரும்புத் தட்டில் சுடும் 'கோஸ்லெமே' ரொட்டி அம்மாவுக்கு வீட்டு நினைப்பைத் தரும். பருப்பு சூப் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனால் சில கடைகளில் இறைச்சிச் சாற்றில் வைப்பார்கள். 'எத்சிஸ்' என்றால் இறைச்சி இல்லாமல். அதோடு 'எத் சுயு வார் மே?' என்று, இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா எனவும் கேளுங்கள். முட்டையும் ஆகாது என்றால் அந்தால்யாவின் எள்விழுது கலந்த பீன்ஸ் சாலட்டான பியாஸில் முட்டை வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள்.

இ-விசா இந்தியர்களுக்கு எல்லோருக்கும் கிடைக்காது. செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் விசாவோ வசிப்புரிமையோ இருந்தால்தான். அப்பா அம்மாவிடம் அது இல்லை என்றால் ஸ்டிக்கர் விசாவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் அன்று அதிகாரபூர்வ தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்சியிடமிருந்து திட்டம் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். எங்கே எத்தனை மணி நேரம், எது கடை, எது வெளியிலிருந்து மட்டும் என்று பார்த்துக் குறித்துத் தருகிறேன்.